ஐந்நூற்று ஐம்பத்தொன்பது மில்லிமீட்டர்

தேனியிலோ கம்பத்திலோ ஒரு சைக்கிள் கடையில் நின்று, "அண்ணே, இருபத்தாறு டயர் ஒண்ணு கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். விவரம் தெரிந்த கடைக்காரர் உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். "எஸ்எல்ஆர் டயரா, குண்டு டயரா?" என்று திருப்பிக் கேட்பார். இரண்டுமே 26 அங்குலம்தான். ஆனாலும் ஒன்றின் ரிம்மில் மற்றொன்று ஏறாது.

26 என்பது காற்றடைத்த டயரின் வெளிவிட்டத்தை உத்தேசமாகச் சொல்லும் பழைய கணக்கு. டயர் ரிம்மில் போய் உட்காரும் இடத்தின் விட்டம்தான் உண்மையான அளவு. பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் போன்ற ஒல்லி டயர் சைக்கிளில் அது 590 மில்லிமீட்டர். குண்டு டயர் போட்ட மலை சைக்கிளில் 559. நம் தாத்தாக்கள் ஓட்டிய கறுப்பு 28 அங்குல சைக்கிளில் 635. டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இந்த எண் அச்சாகியிருக்கும். பழைய மலை சைக்கிளைத் தேடிச் சேகரித்து மீண்டும் ஓடவைக்க நினைப்பவர் முதலில் பழக வேண்டிய எண் 559.

இந்த அளவு உலகெங்கும் பரவக் காரணம் 1933இல் அமெரிக்காவின் சிகாகோவில் ஷ்வின் நிறுவனம் கொண்டுவந்த பலூன் டயர். 26க்கு 2.125 அங்குலம் கொண்ட அந்தக் குண்டு டயரை, கல்லிலும் குழியிலும் முட்டி மோதும் சிறுவர்களின் சைக்கிளுக்காகச் செய்தார்கள். காற்றின் கொள்ளளவு கூடினால் குறைந்த அழுத்தத்திலேயே ஆளைத் தாங்கலாம்; அழுத்தம் குறைந்தால் டயர் கல்லின்மீது வளைந்து கொடுத்து ஏறும். அந்தச் சைக்கிள்கள் நாற்பதாண்டு ஓடித் தேய்ந்து, பழைய சாமான் கடைகளில் சில டாலருக்குக் கிடக்கத் தொடங்கிய காலத்தில், கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள் அவற்றைத் தேடி வாங்கினார்கள். மட்கார்டு, கேரியர், அலங்காரத் தகடு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு மலைத்தடங்களில் இறக்கினார்கள். இன்று உலகம் முழுவதும் விற்கும் மலை சைக்கிளின் மூலம் இதுதான். தொழிற்சாலையின் வரைபட மேசையில் அது பிறக்கவில்லை. ஓய்ந்துபோன சைக்கிளைப் பிரித்துத் துடைத்துப் பூட்டியவர்களின் கையில் பிறந்தது. பழுது பார்ப்பவர்களே ஒரு புதிய இயந்திரத்தை உருவாக்கிய இந்த வரலாற்றை நம் பள்ளிப் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1976 அக்டோபர் 21 அன்று, மரினின் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ஒரு மண் பாதையில், அந்த இளைஞர்களில் ஒருவரான சார்லி கெல்லி முதல் இறக்கப் பந்தயத்தை நடத்தினார். ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் தொலைவுக்குள் 400 மீட்டர் கீழே இறங்கும் பாதை அது. பின்னாளில் அதே கூட்டத்தைச் சேர்ந்த கேரி ஃபிஷர் அங்கே 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கி வந்தார். பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். பழைய சைக்கிள்களில் பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பின் சக்கர ஹப்புக்குள்ளேயே பிரேக் பிடிக்கும். ஒரே ஒரு இறக்கத்தில் உள்ளேயிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். பிரித்துப் புதிய கிரீஸ் அடைத்தால்தான் மறுபடி இறங்கலாம். அந்தத் திரும்ப அடைத்தலே பெயராக நின்றது.

கிரீஸ் ஏன் புகைந்தது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் சைக்கிளும் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 400 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், நிறையையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்கினால், சுமார் 3,50,000 ஜூல். காற்றின் எதிர்ப்பும் மண்ணின் உராய்வும் அதில் பாதியை எடுத்துக்கொண்டாலும் 1,75,000 ஜூல் பிரேக்கில்தான் வெப்பமாக இறங்கியாக வேண்டும். ஒரு கிலோ எஃகை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 460 ஜூல் போதும். ஹப்பின் எடை ஒரு கிலோ என்றால், வெப்பம் வெளியே போகாத நிலையில் அது 380 டிகிரி உயர வேண்டும். ஒரு பங்கு வெப்பம் காற்றில் கலந்துவிடுவதால் அவ்வளவு ஏறாது. ஆனால் கிரீஸ் புகைய அதில் பாதி ஏறினாலே போதும்.

இதே கணக்கைப் போடிமெட்டுச் சாலைக்குப் போட்டுப் பாருங்கள். மேட்டிலிருந்து போடிநாயக்கனூர் வரை கிட்டத்தட்ட 1,000 மீட்டர் உயர வேறுபாடு. 8,80,000 ஜூல்! ரீபேக்கைவிட சரிவு மென்மை, தூரம் அதிகம் என்பதால் வெப்பம் ஆறுவதற்கு நேரம் கிடைக்கிறது. இருந்தும் நம்முடைய பழைய கம்பி பிரேக் சைக்கிளில் அந்த வளைவுகளை இறங்குவது ஆபத்தான காரியம். அதன் ரிம் குரோம் பூசிய எஃகு. ஈரம் பட்டால் ரப்பர் கட்டைக்கும் குரோமுக்கும் இடையிலான பிடிமானம் வெகுவாகக் குறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலையிறங்கும் எவரும் இதை உணர்வார்கள். அலுமினிய ரிம் ஈரத்திலும் ஓரளவு பிடிக்கும், எஃகைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பழைய மலை சைக்கிளைப் புதுப்பிக்கும்போது அசல் பாகங்களை மாற்றவே கூடாது என்று சில சேகரிப்பாளர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். பிரேக் விஷயத்தில் எனக்கு அது ஏற்புடையதல்ல. ஓட்டப்போகிற சைக்கிள் என்றால் முன் சக்கரத்துக்கு அலுமினிய ரிம்மும் புதிய பிரேக் கட்டையும் போடுங்கள். அசல் ரிம்மைத் துணியில் சுற்றிப் பரணில் பத்திரப்படுத்துங்கள்.

இறங்குவது ஒரு பாதி, ஏறுவது மறுபாதி. 44 பல் செயின் வீலும் 18 பல் பிரீவீலும் கொண்ட கறுப்பு சைக்கிளில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 5 மீட்டருக்கு மேல் நகரும். சமதளத்துக்கு அது சரி. கம்பம் பள்ளத்தாக்கின் தரை, கூடலூரிலிருந்து தேனி வரை, முல்லைப் பெரியாற்றோடு சேர்ந்து மெதுவாகச் சரிந்து வருகிறது. நெல்வயல், தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல் எல்லாம் அந்தத் தரையில்தான். சைக்கிள் அங்கே நன்றாகப் பிழைத்தது. மலையேறும் வேலை அதற்கு வரவேயில்லை. ஏலத்தோட்டத்துக்குப் போகும் தொழிலாளர்கள் ஜீப்பில் போனார்கள். மூணாறுப் பக்கத்துத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் குரங்கணிப் பக்கம் இறங்கியது. சைக்கிளுக்கு எட்டாத உயரமாகவே அந்த மலைச் சுவர் நின்றது. மரின் இளைஞர்கள் செய்த இரண்டாவது மாற்றம் அந்த எல்லையை உடைத்தது. பழைய பலூன் டயர் சைக்கிளில் பல கியர்களைப் பூட்டினார்கள். முன்னால் 26 பல், பின்னால் 28 பல் என்ற சேர்க்கையில் பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி 2 மீட்டருக்கும் குறைவாகவே நகரும். தூரம் குறையக் குறைய மிதிக்கும் விசையும் அதே விகிதத்தில் குறைகிறது. சாதாரண மனிதரின் தொடைத் தசை தாங்கும் அளவுக்கு மலை இறங்கி வருகிறது.

1977இல் அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் பழைய சட்டத்தை (ஃபிரேமை) நம்பாமல் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாயில் புதிதாக ஒரு சட்டம் செய்தார். 'பிரீசர்' என்ற அந்த முதல் சைக்கிள் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது. 1979இல் ஃபிஷரும் கெல்லியும், டாம் ரிச்சி செய்த சட்டங்களைப் பூட்டி விற்கத் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வந்ததும் மலை சைக்கிள் பெருந்தொழில் ஆகிவிட்டது. 1989இல் ராக்‌ஷாக்ஸ் அதிர்வு தாங்கி வந்தது. உலகச் சேகரிப்பாளர்கள் போற்றுவது பெரும்பாலும் இந்த வரிசையை. எழுபதுகளின் இறுதி முதல் தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை வந்த எஃகுச் சட்டங்களை.

அவற்றில் ஒன்றும் நம் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்திருக்க வாய்ப்பில்லை. நமக்கு வந்தவை வேறு. முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் சேர்ந்து 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ சைக்கிள்களைச் செய்தது. 1955இல் ஆவடியில் எஃகுக் குழாய் ஆலையும் வந்தது. தொண்ணூறுகளில் ஹெர்குலிஸ் எம்டிபியும் லூதியானாவின் ஹீரோ ரேஞ்சரும் தமிழ்நாட்டுத் தெருக்களில் நேரான கைப்பிடியும் குண்டு டயருமாக வந்தபோது, ஒரு தலைமுறைச் சிறுவர்கள் அப்பாவிடம் அடம்பிடித்தார்கள். பெரும்பாலானவற்றில் கியர்கூடக் கிடையாது. எடை அதிகம். வெளிநாட்டுச் சேகரிப்பாளர் இவற்றைத் திரும்பியும் பார்க்க மாட்டார். ஆனால் நம் ஊர் உழைப்பில், நம் ஊர்க் குழாயில் செய்து, நம் பிள்ளைகள் ஓட்டிய முதல் மலை சைக்கிள்கள் இவையே. சேகரிக்கத் தகுதி இவற்றுக்கு நிச்சயமாக உண்டு. ரிம் அளவு அதே 559 என்பதால், தொண்ணூறு ஆண்டுக்கு முந்தைய சிகாகோ அளவு டயர் இன்றும் இவற்றுக்குக் கிடைக்கிறது. இயந்திரங்களின் ஆயுளைத் தீர்மானிப்பதில் உலோகத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு மாறாத அளவுத்திட்டங்களுக்கும் உண்டு.

எஃகு ஏன் தப்பிக்கிறது? ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரயில் அச்சுகள் ஏன் திடீரென முறிகின்றன என்று ஆராய்ந்தார். ஒருமுறை ஏற்றினால் தாங்கும் சுமையையே திரும்பத் திரும்ப ஏற்றினால் உலோகம் களைத்து விரிசல் விடுகிறது என்பதை அவர் சோதனையில் காட்டினார். எஃகுக்கு இதில் ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே உள்ள சுமையை எத்தனை கோடி முறை ஏற்றினாலும் அது அநேகமாக முறிவதில்லை. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு கிடையாது. சிறு சுமையும் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் விரிசலாகும். ஆகவே பழைய எஃகுச் சட்டத்தை நம்பலாம். பழைய அலுமினியக் கைப்பிடியையும் அதைப் பிடிக்கும் ஸ்டெம்மையும் நம்பக் கூடாது. எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

எஃகின் எதிரி துரு. இரும்பும் நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை சுத்தமான எஃகு மிக மெதுவாகவே துருப்பிடிக்கும். கம்பம் பள்ளத்தாக்கு இதில் பாக்கியம் செய்தது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கமே இறக்கிவிடுகிறது. ஆனி, ஆடியில் நமக்குப் பெரும்பாலும் காற்றுதான். கடல் வெகுதூரம். சென்னைக் கடலோரத்தில் ஐந்து மழைக்காலம் வெளியே நின்ற சட்டத்தைவிட, சின்னமனூர்த் தோப்பு வீட்டுத் திண்ணையில் இருபதாண்டு சாய்ந்து கிடந்த சட்டம் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் விவசாயியின் சைக்கிளுக்கு வேறு இடத்திலிருந்து உப்பு வரும். பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. மூட்டையிலிருந்து சிந்திய தூள் கேரியர் அடியிலும் சங்கிலித் தண்டின் இணைப்பிலும் தங்கி ஈரத்தை உறிஞ்சும். திராட்சைத் தோட்டக்காரர்களின் சைக்கிளில் இன்னொரு ஆபத்து. பூஞ்சாண நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவையில் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட் உண்டு. அந்தக் கரைசல் இரும்பில் பட்டால் இரும்பு கரையும், செம்பு மேலே படியும். பள்ளி ஆய்வகத்தில் ஆணியைப் போட்டுப் பார்த்த அதே வினை. போர்டோ கலவையை இரும்புப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது என்பது இதனால்தான். கம்பத்துத் திராட்சைத் தோட்டத்திலிருந்து பழைய சைக்கிள் வாங்குபவர், பின் தண்டின் உட்புறத்தில் செம்பழுப்புப் படலம் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு சிறு சுத்தியலால் சட்டத்தை மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீர் என்ற ஒலி ஓரிடத்தில் மட்டும் மந்தமானால் அங்கே குழாய் உள்ளிருந்து அரித்திருக்கக் கூடும்.

மேல் துருவை எடுக்கப் புளியே போதும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம் இரும்பு அயனியைப் பற்றிக் கரைத்துக்கொண்டு போகும். நம் வீடுகளில் பித்தளைக் குடம் விளக்குவதற்குப் பின்னாலும் அதே வேதியியல். ஆழமான துருவுக்கு மின்பகுப்பு நல்லது. பிளாஸ்டிக் தொட்டியில் சலவை சோடா கரைத்த தண்ணீர், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். சுத்தம் செய்யும் பாகம் எதிர்முனையில், ஒரு பழைய இரும்புத் தகடு நேர்முனையில். துருவின் அடியில் எழும் ஹைட்ரஜன் குமிழ்கள் அதை உரித்துத் தள்ளும். நல்ல உலோகம் கரையாது. திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், ஹைட்ரஜன் தீப்பற்றும். நேர்முனையில் எவர்சில்வர் போடவே கூடாது; நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும். அலுமினியப் பாகங்களைத் தொட்டியில் இறக்கக் கூடாது. பால்ரஸ் குண்டுகளையும் ஸ்பிரிங்குகளையும் இறக்க வேண்டாம். கடின எஃகுக்குள் ஹைட்ரஜன் நுழைந்தால் அது நொறுங்கும் தன்மை பெற்றுவிடும்.

இந்தத் தொழிலில் பொறுமையை அதிகம் கேட்பது சிக்கிக்கொண்ட சீட் கம்பி. அலுமினியக் கம்பி, எஃகுக் குழாய், இடையில் வியர்வையும் மழைநீரும். இரு வேறு உலோகங்களும் உப்பு நீரும் சேர்ந்தால் அது ஒரு மின்கலம். அலுமினியம் தன்னைக் கொடுத்து ஆக்சைடாகி உப்பி, கம்பியைக் குழாயோடு பூட்டிவிடும். பட்டறையில் உடனே கேஸ் அடுப்பைப் பற்றவைப்பார்கள். அது பெரும்பாலும் தவறு. அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவடையும். சூடாக்கினால் இன்னும் இறுகும். குளிர்விக்க வேண்டும். 27 மில்லிமீட்டர் கம்பியையும் குழாயையும் 60 டிகிரி குளிர்வித்தால் இரண்டுக்கும் இடையில் உண்டாகும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குக்கும் குறைவு. அது சிறியதுதான், ஆனால் அம்மோனியாக் கரைசல் ஊடுருவ அது போதும். சட்டத்தைத் தலைகீழாக நிறுத்தி, இப்போது மேலே வந்திருக்கும் அடிப்பக்கத் துளை வழியாக அம்மோனியாவை ஊற்றி, ஓரிரு நாள் விட்டு, ஐஸ் வைத்துத் திருகினால் பல கம்பிகள் மனமிரங்கி வெளியே வந்துவிடும். எதற்கும் மசியாத கம்பியைக் காஸ்டிக் சோடாவில் கரைத்துவிடலாம். அது அலுமினியத்தைத் தின்னும், எஃகை விட்டுவிடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் காஸ்டிக் சோடாவின் பக்கமே போகாதீர்கள். தீப்பொறிக்கும் அங்கே இடமில்லை.

வெல்டிங் பற்றி ஓர் எச்சரிக்கை. உயர்தர மலை சைக்கிள்களின் குழாய், மூங்கில் கணுவைப்போல இரு முனைகளிலும் தடித்து நடுவில் மெலிந்திருக்கும். நடுவில் அரை மில்லிமீட்டரே தடிமன் உள்ளவையும் உண்டு. கலப்பை பற்றவைக்கும் மின் வெல்டிங்கை அதில் வைத்தால் ஓட்டை விழும். விழாவிட்டாலும் குரோம்-மாலிப்டினம் எஃகு பற்றவைத்த ஓரத்தில் கடினமாகி, பின்னொருநாள் அங்கேயே விரிசல் காணும். அத்தகைய சட்டத்துக்குப் பித்தளை அல்லது வெள்ளிப் பற்றவைப்புதான் மருந்து. இந்தியச் சட்டங்கள் தடித்த சாதாரண எஃகு என்பதால் நல்ல கேஸ் வெல்டரிடம் கொடுக்கலாம்.

பெயின்டை அவசரப்பட்டுச் சுரண்டாதீர்கள். பவுடர் கோட்டிங் அடித்துப் புத்தம்புதிதாக்கியபின் சைக்கிளின் வயது யாருக்கும் தெரியாது. பெயின்ட் வழியாகத்தான் ஒரு சட்டம் எந்த ஆலையில், எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பதை அறிகிறோம். ஸ்டிக்கரின் எழுத்து, கோட்டின் நிறம், அடியில் பொறித்த எண் எல்லாம் ஆவணம். மெழுகு பூசி நிறுத்தினாலே துரு நின்றுவிடும். புதிதாக அடித்தே ஆக வேண்டுமானால், அதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துவையுங்கள்.

சங்கிலியைச் சோதிப்பது எளிது. புதுச் சங்கிலியில் 12 அங்குல ஸ்கேல் வைத்தால் ஆணிக்கு ஆணி சரியாக 12 அங்குலம் இருக்கும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் சங்கிலியை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பிரீவீல் பல்லும் அநேகமாகத் தேய்ந்திருக்கும்.

ஓடத் தொடங்கிய சைக்கிளை எங்கே ஓட்டுவது? மேகமலைக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. அனுமதியின்றி அங்கே சக்கரம் பதிக்கக் கூடாது. குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீ பறித்த உயிர்களை நினைத்தால், கோடையில் மலைத்தடத்துக்குப் போகும் ஆசையையே விட்டுவிடலாம். குண்டு டயருக்கு வேண்டிய மண்ணும் கல்லும் கால்வாய்க் கரைகளிலும் தோப்புப் பாதைகளிலும் தாராளமாக உண்டு.

உங்கள் வீட்டுப் பரணிலோ மாட்டுக்கொட்டகையிலோ தொண்ணூறுகளின் ரேஞ்சரோ எம்டிபியோ கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் உலர்ந்த துணியால் துடைத்து, அடியில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓவராயில் செய்யத் தெரிந்த மூத்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோங்கள். பால்ரஸைத் தரையில் கொட்டிவிடாமல் ஹப்பைப் பிரிப்பது, கிரீஸில் குண்டுகளை வரிசையாக ஒட்டவைப்பது, ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் கோனை நிறுத்துவது, சக்கரத்தின் கோட்டம் எடுப்பது. இவை அவர் விரலில் இருக்கும் அறிவு, எந்தப் புத்தகத்திலும் முழுதாக எழுதப்படாதது. போகும்போது பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பார்த்து அவர்கள் கற்றுக்கொள்ளட்டும்.